கம்போடியா போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: அங்கோர் வாட் பார்க்கத்தான் போகிறோம். தலைநகர் புனோம் பென்னில் உள்ள துவோல் ஸ்லெங்கையும் பார்க்க வேண்டுமா?

பதில்: பாருங்கள், ஆனால் அரை நாள் ஒதுக்குங்கள். அது பள்ளிக்கூடமாக இருந்த இடம். 1975 ஏப்ரலிலிருந்து 1979 ஜனவரி வரை ஆண்ட கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் அதை எஸ்-21 சிறையாக்கியது. மஞ்சளும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட வகுப்பறைத் தரை அப்படியே இருக்கிறது. அதன் நடுவில் ஓர் இரும்புக் கட்டில். அன்று மாலை படகு விருந்து எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: வழிகாட்டியிடம் அவர் குடும்பத்தில் யார் இறந்தார்கள் என்று கேட்கலாமா?

பதில்: கேட்காதீர்கள். அந்த ஆட்சியில் நாலில் ஒருவர் செத்துப்போன நாடு அது. சுமார் 17 லட்சம் பேர். அவர் அப்பா அங்கே கைதியாக இருந்திருக்கலாம், காவலராகவும் இருந்திருக்கலாம். அவராகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

கேள்வி: விசா?

பதில்: தூதரகத் தளத்தில் பாருங்கள்.

கேள்வி: எஸ்-21 கைதிகளைக் கொன்று புதைத்த செயுங் ஏக் கொலைக்களத்தில் மண்டை ஓடுகளைக் கண்ணாடிக்குள் அடுக்கியிருக்கிறார்கள். பௌத்தர்கள் தகனம் செய்ய வேண்டாமா?

பதில்: மன்னர் சிஹானூக்கும் இதையேதான் கேட்டார். சாட்சியமாக இருக்கட்டும் என்றது அன்றைய பிரதமர் ஹுன் சென் அரசு. ஓடுகளில் ஒட்டிய வண்ணப் பொட்டுகளைக் கவனியுங்கள்: ஆணா பெண்ணா, எந்த ஆயுதத்தால் அடித்தார்கள் என்று ஆராய்ந்து ஒட்டியவை. அந்த எலும்புகளும் அவர்களுக்காகப் பேசுகின்றன.

கேள்வி: கெமர் ரூஜ் தலைவர்களை விசாரித்த தீர்ப்பாயம்தான் 2022-ல் கடைசி மேல்முறையீட்டையும் முடித்துவிட்டதே. இனி யாருக்குச் சாட்சி?

பதில்: நியாயமான கேள்வி. ஆனால் சாட்சியம் நீதிமன்றத்துக்கு மட்டுமா? அந்தக் கொலைகளுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் பார்க்க வேண்டும். அப்படியும் எனக்கு மனசு ஆறவில்லை. ஒருமுறை மழை விட்டதும் அங்கே நடந்தபோது, செருப்பு நுனியருகே மண்ணிலிருந்து நீலத் துணி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. சட்டைக் கையின் ஓரம். மழைக்குப் பின் துணியும் எலும்பும் இப்படித்தான் மேலே வரும். அதை எரிப்பதா வைப்பதா என்று நான் சொல்ல முடியாது. கம்போடிய மக்கள் சொல்லட்டும். நாம் பாதையை விட்டு இறங்காமல் நடப்போம், நம் முகத்தைச் சேர்த்துப் படம் எடுக்காமல் இருப்போம்.

கேள்வி: அநாதை இல்லத்துக்கு மிட்டாய், நோட்டுப் புத்தகம் கொண்டு போகலாமா?

பதில்: போகாதீர்கள். அங்குள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அப்பாவோ அம்மாவோ இருக்கிறார்கள். நாம் பார்க்கப் போவதாலும் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து அங்கே வைக்கிறார்கள்.

கேள்வி: நோட்டு மட்டும்?

பதில்: அதுவும் வேண்டாம். மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: வடமேற்கு மாகாணங்களில் தனியாக பைக்கில் சுற்றலாமா?

பதில்: தார்ச்சாலையில் போங்கள். கண்ணிவெடி இன்னும் இருக்கிறது. மண்டை ஓடு வரைந்த சிவப்புப் பலகையைப் பார்த்தால் நின்று திரும்புங்கள். ஒதுங்குவதற்குக்கூடப் புதருக்குள் போக வேண்டாம்.