வியாழக்கிழமைச் செபமாலை: சந்தோசமா, ஒளியா?

கிளிநொச்சிச் சகோதரிக்கு, வியாழனில் அம்மம்மா சந்தோச தேவ இரகசியம் (செபமாலையில் தியானிக்கும் இயேசு, மரியாளின் வாழ்வு நிகழ்வுகள் ஐந்து) தொடங்க, மகன் "ஒளிதான்" என்று மறிக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். இருவரிலும் பிழையில்லை. ஒளியின் தேவ இரகசியங்கள் ஐந்தையும் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (ஜோன் போல்) 2002 இல்தான் சேர்த்தார். அதுவும் கட்டளையல்ல, பரிந்துரை. முந்திய புத்தகங்களில் 15 தேவ இரகசியங்கள்தான், வியாழனுக்குச் சந்தோசம். சனிக்கும் மகிமை தேவ இரகசியம் என்றே இருக்கும், இப்போது சந்தோசம்.

ஒளியின் ஐந்தும் இவை: யோர்தானில் திருமுழுக்கு, கானாவூர்க் கலியாணம், இறையாட்சி அறிவிப்பு, உருமாற்றம், நற்கருணை. இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி அம்மம்மாவின் புத்தகத்தில் ஒட்டிவிடுங்கள். அவவே வாசித்துத் தொடக்கட்டும்.

எந்தக் கிழமைக்கு எது என்பதைவிட, செபிக்கும் வேகம்தான் எனக்குக் கவலை. "அருள் நிறைந்த மரியாயே" செபத்தின் முதற்பாதியில் "இயேசு" என்ற பெயர் வரும் வரி முடியமுன்னமே, பதில் சொல்லும் மற்றப் பக்கத்தார் "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று பாய்ந்தால், அந்தத் திருநாமமே அமுங்கிப்போகும். அதில் ஒரு மூச்சு நில்லுங்கள்.