சென்சாரை மாற்றும் முன் ஒரு காலைப் பொழுது ஒதுக்குங்கள்

"பெட்ரோல் கார். காலையில் ஸ்டார்ட் செய்த உடனேயே ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்குகிறது, மைலேஜும் விழுந்துவிட்டது. எஞ்சின் வெப்பநிலை சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்படாதீர்கள். வேலூர் சத்துவாச்சாரியில் கார்களுக்கு மின்வேலை பார்ப்பவன் நான். சென்சார் பழுது என்று முடிவு கட்டிக்கொண்டு வருகிற வண்டிகள் பலவற்றில் சென்சார் நன்றாகவே இருக்கும். கோளாறு கனெக்டரிலோ, வயரிலோ, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைந்துபோனதிலோ ஒளிந்திருக்கும்.

இந்த சென்சாரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். பெரும்பாலான கார்களில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரை, 80 டிகிரியில் ஏறக்குறைய 300 ஓம். வண்டியின் கணினி 5 வோல்ட் கொடுத்து, அது எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. வயர் அறுந்தாலோ கனெக்டர் கழன்றாலோ கணினிக்கு மைனஸ் 40 டிகிரி என்று தெரியும். எஞ்சின் உறைந்து கிடப்பதாக எண்ணிப் பெட்ரோலை அள்ளி ஊற்றும். அந்த எண் நம்பத்தக்கதல்ல என்று புரிந்ததும், பாதுகாப்புக்காக ஃபேனை நிற்காமல் ஓடவிடும். உங்களுடைய இரண்டு தொல்லைகளுக்கும் இந்த ஒரே காரணம் போதும்.

சோதனையை இரவு முழுதும் நின்ற வண்டியில், விடியற்காலையில் செய்ய வேண்டும். வண்டியின் கணினி காணும் எண்களைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் கருவியை மாட்டி, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் போடுங்கள். கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் சில டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். காற்று 29 என்றும் கூலன்ட் மைனஸ் 40 என்றும் காட்டினால் சுற்று துண்டிக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் பி0118 என்ற பிழைக் குறியீடும் பதிவாகியிருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே 130க்கு மேல் காட்டினால் வயர் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது, அதற்கு பி0117.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கையேட்டில் 20 டிகிரிக்கான ஓம் அளவு இருக்கும். வேலூரில் சித்திரை, வைகாசி விடியலில்கூட எஞ்சின் 28, 30 டிகிரிக்குக் கீழே இறங்காது. அப்போது மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் 1,600, 1,800 ஓம் என்று காட்டினால், அளவு குறைகிறது என்று நல்ல சென்சாரைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். மார்கழியில் அதே சென்சாரை அளந்து பார்த்தால் சரியாக இருக்கும். எந்த வெப்பநிலையில் அளந்தோம் என்பதைச் சேர்த்துச் சொல்லாத ஓம் கணக்குக்கு அர்த்தமே இல்லை.

அடுத்து, சாவியை அணைத்துவிட்டு கனெக்டரைக் கழற்றுங்கள். பின்களை டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தாலோ, ரப்பர் வளையத்தைத் தாண்டிக் கூலன்ட் கசிந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ முதல் குற்றவாளி அதுதான். கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து மாட்டிப் பாருங்கள். பல வண்டிகள் அத்துடன் சரியாகிவிடும். சரியாகவில்லையென்றால் மறுபடி கழற்றி, வயர் பக்கத்து இரண்டு முனைகளையும் சிறு கம்பியால் இணைத்துவிட்டுச் சாவியைப் போடுங்கள். இரண்டே வயர் உள்ள சென்சாருக்கு மட்டுமே இது பொருந்தும். ஸ்கேனரில் எண் மைனஸ் 40லிருந்து 120க்கு மேல் தாவினால் வயரும் கணினியும் நலம், சென்சார்தான் பழுது. தாவவில்லையென்றால் புதிய சென்சார் வாங்கிப் பயனில்லை, வயரைத் தேடுங்கள். சில கார்களில் பிழை வந்ததும் கணினி ஒரு மாற்று எண்ணைத் தானாகவே வைத்துக்கொள்ளும். அங்கே வயர்களை மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாகச் சோதிப்பதே வழி.

டேஷ்போர்டு முள்ளை மட்டும் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். பழைய கார்களில் முள்ளுக்கு ஒரு சென்சார், கணினிக்கு வேறொரு சென்சார். ஒன்று பழுதானாலும் மற்றது சரியாகவே காட்டும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். அதை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றி, சென்சாரின் முனையில் சுண்ணாம்புபோல் படிந்த வண்டிகள் நிறைய வருகின்றன. அந்தப் படிவு சூட்டைத் தாமதமாகவே கடத்தும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது எஞ்சின் வேகமாகச் சூடாகும், சென்சார் பின்தங்கும். கூலன்ட் குறைந்து முனை காற்றில் தொங்கினாலும் எண் தாறுமாறாகத் தாவும். அதனால் எஞ்சின் ஆறியபின் கூலன்ட் மட்டத்தை முதலில் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் பீறிட்டு முகம் வெந்தவர்கள் உண்டு.

சென்சாரை மாற்றியே ஆக வேண்டும் என்றால், உங்கள் மாடலுக்கான பாக எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் வளையமோ வாஷரோ புதிதாகப் போடச் சொல்லுங்கள். கையேட்டில் சொன்ன கூலன்டையே நிரப்பி, உள்ளே சிக்கிய காற்று முழுவதும் வெளியேறும்வரை பொறுத்திருந்து வண்டியை எடுங்கள்.