சி.ஆர்.பி. 7-லிருந்து 4.6: குறைந்ததா, கூடியதா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றேகால் வயது. ஞாயிற்றுக்கிழமை மாலை திடீரென்று 102 டிகிரி காய்ச்சல். சளி, இருமல், வயிற்றுப்போக்கு எதுவும் இல்லை. அன்றிரவே பக்கத்து கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, ஐந்தே நிமிடத்தில் சி.ஆர்.பி. 7 என்றார்கள். ஆன்டிபயாடிக் இப்போதைக்கு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமையும் காய்ச்சல் விடவில்லை. வேறொரு லேபில் எடுத்ததில் 4.6 வந்தது. குறைந்துவிட்டது என்று நினைத்தால், ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் "நல்லா ஏறியிருக்கு, யூரின் எடுத்துட்டு வாங்க" என்கிறார். எந்த மெஷின் சரி? வீட்டில் மீதியிருக்கும் ஆன்டிபயாடிக் சிரப்பைத் தொடங்கலாமா?

பதில்: சி.ஆர்.பி. கல்லீரலில் சுரக்கும் ஒரு புரதம். உடலில் அழற்சி, அதாவது தொற்று போன்றவற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை இருந்தால், ரத்தத்தில் அது ஏறும். இரண்டு மெஷினுமே சரியாகத்தான் சொல்லியிருக்கும். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட் நகலில் 4.6-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள். அது டெசிலிட்டர் கணக்கு, அதாவது 100 மில்லி ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்பது. கிளினிக்கில் வைத்திருக்கும் கையடக்க மெஷின்கள் பெரும்பாலும் லிட்டர் கணக்கில் காட்டும். உங்கள் 4.6-ஐப் பத்தால் பெருக்கினால் 46. ஏழிலிருந்து நாற்பத்தாறு! உங்கள் டாக்டர் சொன்னதுதான் சரி. அலகு புரியாவிட்டால் 'இயல்பு அளவு' என்ற கட்டத்தைப் பாருங்கள். 0.5-க்குக் கீழே என்று போட்டிருந்தால் டெசிலிட்டர், 5 அல்லது 6-க்குக் கீழே என்றால் லிட்டர். சில சின்ன லேப்களில் எண்ணே இல்லாமல் 'பாசிட்டிவ்' என்று மட்டும் சீட்டு தருவார்கள். அந்த முறையில் 6-ஐத் தாண்டினாலே பாசிட்டிவ். 8-ம் பாசிட்டிவ்தான், 180-ம் பாசிட்டிவ்தான். என்னைக் கேட்டால் அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் ஞாயிறு இரவு பார்த்த 7? அது பொய்யில்லை, ஆனால் ரொம்ப சீக்கிரம் எடுத்தது. உடலுக்குள் அழற்சி தொடங்கி ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் சி.ஆர்.பி. ரத்தத்தில் ஏறத் தொடங்கும். உச்சம் தொட ஒன்றரை, இரண்டு நாள் ஆகும். காய்ச்சல் வந்த அன்றே எடுத்த ரத்தத்தில் குறைந்த எண் வந்தால், 'பாக்டீரியா தொற்று இல்லை' என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. புரோகால்சிட்டோனின் என்ற இன்னொரு பரிசோதனை நாலைந்து மணி நேரத்திலேயே ஏறிவிடும். ஆனால் விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆகவே டாக்டரிடம் எண்ணைச் சொல்லும்போது, காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது மணி நேரத்தில் எடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆய்வுகளிலிருந்து மருத்துவர்கள் எடுத்துக்கொண்ட தோராயக் கணக்கு இது: லிட்டர் கணக்கில் 20-க்குக் கீழே இருந்தால் கடுமையான பாக்டீரியா தொற்றுக்கு வாய்ப்பு குறைவு, 80-ஐத் தாண்டினால் அதிகம். நடுவில் இருப்பது இரண்டும்கெட்டான் நிலை. உங்கள் மகனின் 46 அங்கேதான் நிற்கிறது. அடினோவைரஸ் போன்ற சில வைரஸ்களும் இந்த எண்ணைத் தாராளமாக ஏற்றிவிடும். காய்ச்சலோடு வரும் எல்லாக் குழந்தைக்கும் விரலில் குத்துவதால் பெரிய லாபமும் இல்லை. பெல்ஜியத்தில் 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், டாக்டர் பார்த்த மாத்திரத்தில் கவலைப்பட்ட குழந்தை, மூச்சு வாங்கும் குழந்தை, காய்ச்சல் 104 டிகிரியைத் தொட்ட குழந்தை இப்படிப்பட்டவர்களுக்கு மட்டும் இதைச் செய்தாலே போதும் என்று தெரிந்தது. முதலில் கையும் கண்ணும் காதும், அப்புறம்தான் மெஷின்.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது எண்ணை அல்ல. பாரசிட்டமால் கொடுத்துக் காய்ச்சல் இறங்கியிருக்கும் நேரத்தில் பிள்ளையைப் பாருங்கள்: சிரிக்கிறானா, கையை நீட்டுகிறானா, பால் குடிக்கிறானா? காய்ச்சல் இறங்கியும் துவண்டு கிடந்தால், எழுப்ப எழுப்பத் தூங்கினால், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், அமுக்கினால் மறையாத சிவப்போ ஊதாவோ புள்ளிகள் தெரிந்தால் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மாநிறக் குழந்தைகளுக்கு இந்தப் புள்ளிகளை உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தேடினால் எளிதாகத் தெரியும். சட்டையைத் தூக்கிவிட்டு, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். உங்கள் மகன் வயதில் 40-ஐத் தொட்டாலே வேகமூச்சு. மூன்று மாதம் நிறையாத கைக்குழந்தைக்கு இந்தப் பொறுமையே கூடாது. 100.4 டிகிரி வந்தாலே, சி.ஆர்.பி. எதுவாக இருந்தாலும், நேரே ஆஸ்பத்திரிதான்.

காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால் அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம் எங்காவது சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். அது ஸ்க்ரப் டைபஸாக, அதாவது புதர்களில் இருக்கும் நுண்ணிய பூச்சி கடிப்பதால் வரும் காய்ச்சலாக இருக்கலாம். தமிழ்நாட்டில், குறிப்பாக மழைக்குப் பிந்தைய மாதங்களில், அபூர்வமான நோயல்ல. வழக்கமான அமாக்சிசிலின் ஆன்டிபயாடிக்குக்கு அது மசியாது. டாக்டரிடம் அந்த இடத்தைக் காட்டுங்கள்.

இனி யூரின் விஷயம். சளி, இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் வரும் சின்னக் குழந்தைகளிடம் அடிக்கடி ஒளிந்திருப்பது சிறுநீர்த் தொற்று. ஹிப், நிமோகாக்கல் தடுப்பூசிகள் அட்டவணைக்குள் வந்தபிறகு மற்ற பெரிய தொற்றுகள் குறைந்துவிட்டன, இது குறையவில்லை. அதனால்தான் உங்கள் டாக்டர் அங்கே கைவைத்திருக்கிறார். ஆனால் வீட்டிலிருக்கும் சிரப்பை ஒரு வேளை கொடுத்துவிட்டாலும் கல்ச்சரில் (சிறுநீரிலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில்) கிருமி வளராமல் போகலாம். அப்புறம் என்ன கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று தெரியாது. அதோடு, தண்ணீர் கலக்கிய டிரை சிரப் ஒன்று இரண்டு வாரங்களிலேயே வீணாகிவிடும். அந்தப் பாட்டிலைக் கொட்டிவிடுங்கள்.

பிள்ளைக்கு நன்றாகப் பால் கொடுத்து அரை மணி கழித்து, வெறும் தண்ணீரால் கழுவித் துடையுங்கள். மடியில் வைத்துக்கொண்டு, குளிர்ந்த நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றை வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருங்கள். பல குழந்தைகள் சில நிமிடங்களில் பெய்துவிடும். முதல் பீச்சலை விட்டுவிட்டு, லேபில் தந்த கிருமி நீக்கிய டப்பாவில் பிடியுங்கள். ஒட்டவைக்கும் பையில் பிடித்தது கல்ச்சருக்கு ஆகாது, தோலில் இருக்கும் கிருமியெல்லாம் சேர்ந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குக் கொடுங்கள். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். சிறுநீரில் பட்டையை நனைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப் டெஸ்டில் நைட்ரைட் (சில பாக்டீரியாக்கள் உண்டாக்கும் பொருள்) நெகட்டிவ் என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். அது தெரிய, சிறுநீர் உடலுக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையில் நாலு மணி நேரம் தங்கியிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் அவ்வளவு நேரம் எங்கே அடக்குகின்றன? கல்ச்சர் ரிசல்ட் வர இரண்டு நாளாகும். அதற்குள் டாக்டர் மருந்தைத் தொடங்கச் சொன்னால் தாராளமாகத் தொடங்குங்கள். ரிசல்ட்டைப் பார்த்து அவரே மாற்றுவார் அல்லது நிறுத்துவார்.