இன்ஜினியர் ஐந்து பேர், மேஸ்திரி யார்?

வணக்கம் சார்,

மென்பொருள் வேலையைப் பற்றி நீங்கள் எழுதுவதை மூன்று வருடமாகப் படிக்கிறேன். நான் பி.காம். அப்பா திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறார். நானும் மாமா பையனும் சேர்ந்து, ஜாப் ஒர்க்குக்கு வெளியே போகும் துணியைக் கணக்கு வைக்க ஒரு சாஃப்ட்வேர் செய்யலாம் என்று இறங்கியிருக்கிறோம். நிட்டிங் ஓர் இடம், டையிங் ஓர் இடம், காம்பாக்டிங் இன்னோர் இடம் என்று துணி ஊரெல்லாம் சுற்றும். யாரிடம் எத்தனை கிலோ கிடக்கிறது என்பது டி.சி. (டெலிவரி சலான்) புத்தகத்திலும் மேனேஜர் தலையிலும்தான் இருக்கிறது. தெரிந்த எட்டுக் கம்பெனிகள் வாங்கத் தயார். கையில் 30 லட்சம் உண்டு.

பெங்களூரில் இருக்கும் நண்பர் ஒரு யோசனை சொல்கிறார். 12 வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ள சீனியர்கள் ஐந்து பேர்: ஆர்க்கிடெக்ட், பேக்எண்ட், மொபைல் ஆப், சர்வர், டெஸ்டிங். ஆளுக்கு வாரம் 10 மணி நேரம், மாதம் 60,000 ரூபாய். "3 லட்சத்தில் முழு டீம். ஆபீஸ் வேண்டாம், பி.எஃப். வேண்டாம். வாரத்துக்கு 50 மணி நேரம் சீனியர் வேலை கிடைக்கும்" என்கிறார். ஐந்து பேரும் பெரிய கம்பெனிகளில் வேலையில் இருப்பவர்கள். இரவிலும் சனி, ஞாயிறிலும் செய்து கொடுப்பார்களாம். ஆசையாக இருக்கிறது. எங்கோ உறுத்தவும் செய்கிறது. என்ன செய்யலாம்?

பெயர் வேண்டாம்,
திருப்பூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த 50 மணி நேரத்தைப் பிரித்துப் பார்த்துவிடலாம். நீங்கள் கணக்குப் படித்தவர், சட்டென்று பிடிபடும்.

வாரம் 10 மணி நேரம் வருகிறவர் லேப்டாப்பைத் திறந்ததும் வேலையைத் தொடங்கிவிட முடியாது. போன வாரம் எங்கே விட்டோம், மற்ற நாலு பேர் இதற்குள் எதை மாற்றினார்கள் என்று பார்க்கவே இரண்டு மணி நேரம் போய்விடும். எல்லோரும் கூடிப் பேச ஒரு மணி நேரம். அடுத்தவர் எழுதிய நிரலை, அதாவது கோடை (code), படித்துச் சரிபார்க்க இரண்டு மணி நேரம். மிச்சம் ஐந்து. ஐந்து பேருக்கும் சேர்த்து 25. அதுவும் பகலெல்லாம் வேறொரு கம்பெனிக்கு மூளையைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு பத்து மணிக்கு உட்காருகிறவரின் 25.

ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற இயங்குதளத்தின் வேலையை நடத்திய பிரெட் புரூக்ஸ், தாமதமாகிப்போன மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று 1975-லேயே எழுதிவிட்டார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று எளிய கூட்டல். இரண்டு பேர் என்றால் பேசிக்கொள்ள ஒரு வழி. ஐந்து பேர் என்றால் பத்து வழி. முழு நேரம் உட்கார்ந்திருப்பவர்களுக்கே இது பாரம். வாரத்தில் மூன்று இரவு வருகிறவர்களுக்கு எப்படி இருக்கும்?

மணி நேரக் கணக்கைக்கூட விடுங்கள். ஒரு கேள்வி எவ்வளவு நாள் காத்துக் கிடக்கும் என்பதுதான் பெரிய சங்கதி. உங்கள் தொழிலிலிருந்தே சொல்கிறேன். 100 கிலோ கோராத் துணியை (சாயம் போடாத துணி) டையிங்குக்கு அனுப்பினால் 100 கிலோ திரும்பி வராது. எடை குறையும். இது உங்கள் அம்மாவுக்குக்கூடத் தெரிந்திருக்கும். பெங்களூர்க்காரருக்குத் தெரியாது. போனதும் வந்ததும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்து எழுதுவார். சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குச் சந்தேகம் வந்து வாட்ஸ்அப்பில் கேட்பார். நீங்கள் ஞாயிறு மத்தியானம் பார்த்து, "குறையும் சார், கலருக்கு ஏற்ற மாதிரி குறையும்" என்று பதில் போடுவீர்கள். அவர் மறுபடி உட்காருவது புதன் இரவு. உடனே அடுத்த கேள்வி வரும்: எவ்வளவு குறைந்தால் சரி, எவ்வளவுக்கு மேல் போனால் சண்டை? பக்கத்து நாற்காலியில் ஆள் இருந்தால் பத்து நிமிடத்தில் முடிகிற பேச்சு, பத்து நாள் ஓடும்.

நானும் இப்படி ஒரு குழுவில் இருந்தவன்தான். மருந்து மொத்த வியாபாரிகளுக்கான பில்லிங் மென்பொருள். கம்பெனி பெயர் வேண்டாம். நாங்கள் நாலு பேர், எல்லோரும் பகுதி நேரம், எல்லோரும் பழுத்த ஆட்கள். பதினைந்து வருடத்துக்குக் குறைந்த அனுபவம் யாருக்கும் கிடையாது. எங்களைத் தவிர அங்கே முழு நேரமாக இருந்தது வாடிக்கையாளர் போனை எடுக்கும் ஒரு பையன். பி.எஸ்சி. முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

2019 ஏப்ரல் 1, திங்கட்கிழமை. காலை பத்தரைக்குப் போன் மேல் போன். ஒரு மெடிக்கல் ஷாப்புக்குப் பில் போட்டால் வேறொரு கடையின் பில் அச்சாகி வருகிறது. மருந்து வேறு, தொகை வேறு. நாலு பேரில் நான் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். ஒருவர் விமானத்தில். மற்ற இருவரும் அவரவர் அலுவலகத்தில், போனைத் தொட முடியாத நிலையில்.

நடந்தது இதுதான். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது, புது ஆண்டில் வரலாம். அதனால் எங்களில் ஒருவர், ஏப்ரல் 1 அன்று எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்படி எழுதியிருந்தார். சரியான வேலை. இன்னொருவர், ஒரு முறை உருவாக்கிய பிடிஎஃப்பைப் பில் எண்ணின் பெயரிலேயே சேமித்து, மறுபடி கேட்டால் அதையே எடுத்துக் கொடுக்கும்படி எழுதியிருந்தார். அதுவும் சரியான வேலை, அச்சு வேகமாக வரும். இரண்டும் சேர்ந்தபோது, புது வருடத்தின் முதல் பில்லைக் கேட்டவருக்குப் போன வருடத்தின் முதல் பில் போய் விழுந்தது. இரண்டையும் தெரிந்து வைத்திருந்த தலை ஒன்றுகூட எங்கள் குழுவில் இல்லை.

அந்தப் பையன் கடைக்காரர் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து, "தேதி போன வருஷம் சார்" என்று குரூப்பில் போட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. அவனே சர்வரில் பிடிஎஃப் இருந்த ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டான். பழைய கோப்பு கிடைக்காததால் நிரல் புதிதாக உருவாக்கத் தொடங்கியது. பிரச்சினை தீர்ந்தது. பதினொன்றே முக்காலுக்கு நான் வெளியே வந்து குரூப்பைப் பார்த்தபோது அவன் டீ குடிக்கப் போயிருந்தான். எங்கள் நாலு பேரின் மாதச் சம்பளத்தையும் அவன் சம்பளத்தையும் ஒப்பிட்டுச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

அப்புறம் இன்னொரு வியாதி. மெல்வின் கான்வே என்பவர் 1968-இல் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: ஒரு அமைப்புக்குள் யார் யாரோடு பேசுகிறார்களோ, அவர்கள் கட்டும் சிஸ்டமும் அதே உருவத்தில்தான் வரும். ஒருவரை ஒருவர் பார்க்காத ஐந்து பேர் எதைக் கட்டுவார்கள்? ஐந்து துண்டு. பேசாமல் வேலை செய்ய வேண்டுமானால் துண்டு போட்டுப் பிரித்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. அதோடு, அவர்கள் பகலில் பார்ப்பது லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் சிஸ்டம். அந்தப் பழக்கமும் கூடவே வரும். ஒரே மென்பொருளைப் பல குட்டி நிரல்களாகப் பிரிக்கும் மைக்ரோசர்வீஸ் என்பார்கள், அவற்றைப் பல சர்வர்களில் ஓட்டி மேய்க்கும் குபெர்னெட்டிஸ் என்பார்கள். உங்களிடம் இருப்பது எட்டு பனியன் கம்பெனி. ஒரே சர்வர், ஒரே டேட்டாபேஸ், அதற்கு ராத்திரி ராத்திரி ஒரு பேக்கப். இதுவே கொஞ்ச வருடம் தாங்கும்.

இதற்காக, பகுதி நேர சீனியரே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் ஒருவர் போதும்.

வீடு கட்டும்போது பார்த்திருப்பீர்கள். இன்ஜினியர் தினமும் வர மாட்டார். கம்பி கட்டி முடித்ததும் வந்து பார்ப்பார். கான்கிரீட் போடும் அன்று காலையிலிருந்து நிற்பார். மற்ற நாள் முழுக்க மேஸ்திரிதான். எந்த மூட்டை சிமெண்ட் எப்போது வந்தது, எந்தச் சுவருக்குத் தண்ணீர் விடவில்லை, எந்த ஆள் நேற்று வரவில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். உங்கள் நண்பர் ஐந்து இன்ஜினியர்களைக் கூட்டி வருகிறார். மேஸ்திரி யார் என்று கேட்டுப் பாருங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்று, நாலு வருட அனுபவமுள்ள இரண்டு பேரை முழு நேரத்துக்கு எடுப்பேன். கோவையிலும் திருப்பூரிலும் ஊரை விட்டுப் போக மனமில்லாத நல்ல பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 1,50,000. சீனியர் ஒருவருக்கு 70,000. மொத்தம் 2,20,000. உங்கள் 30 லட்சம் பத்து மாதத்துக்குப் பதிலாகப் பதின்மூன்று மாதம் ஓடும். வாடகை, சர்வர் செலவு போனாலும் ஒரு வருடம் தாக்குப்பிடிக்கலாம்.

அந்த சீனியரிடம் வாங்க வேண்டியது கோடு அல்ல, முடிவுகள். முதல் வேலையாக அந்த இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பி.காம்., யார் நன்றாக எழுதுகிறார், யார் நன்றாகப் பேச மட்டும் செய்கிறார் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அவரால் ஒரு மணி நேரத்தில் முடியும். என்னைக் கேட்டால் அவருக்குக் கொடுக்கும் முதல் மாதப் பணம் அதிலேயே திரும்பி வந்துவிடும். அடுத்தது டேட்டாபேஸ் வடிவம். துணி ரோலாகப் போகிறதா கிலோவாகப் போகிறதா, ஒரே லாட்டில் பாதி திரும்பி வந்து பாதி ரீ-டையிங் போனால் என்ன பதிவு, இதெல்லாம் முதலில் தப்பாகப் பதிந்துவிட்டால் பிறகு உடைத்துக் கட்ட வேண்டியிருக்கும். கான்கிரீட் என்பது இதுதான். அதற்குப் பிறகு செவ்வாய் மூன்று மணி நேரம், வெள்ளி மூன்று மணி நேரம். பகலில், நேரம் மாறாமல். பிள்ளைகள் எழுதியதைப் பார்க்கட்டும், "இது இப்போது வேண்டாம்" என்று சொல்லட்டும், என்ன முடிவு, ஏன் எடுத்தோம் என்று ஒரு பக்கம் எழுதி வைக்கட்டும்.

பகலில் வரக்கூடியவர் யார் என்று கேட்பீர்கள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு, முழு நேரம் திரும்ப முடியாமல் இருக்கும் மூத்த பெண் இன்ஜினியர்களைத் தேடிப் பாருங்கள். வேலையை விட்டுத் தனியாகத் தொழில் செய்பவர்களும் உண்டு. இவர்களுக்குப் பகுதி நேரம்தான் வேலையே. இன்னொருவருக்குப் போக மிஞ்சியதை உங்களுக்குத் தர மாட்டார்கள்.

உங்கள் உறுத்தல் இங்கேதான் என்று நினைக்கிறேன். 2022-இல் இந்த மூன்லைட்டிங் (ஒரு கம்பெனியில் இருந்துகொண்டே வெளியே இன்னொரு வேலை பார்ப்பது) விவகாரம் பெரிதாக வெடித்தது. விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி அதை வெளிப்படையாகவே ஏமாற்று வேலை என்றார். அந்த வருடம் 300 பேரை அதற்காக வெளியே அனுப்பியதாகவும் சொன்னார். அதே சமயத்தில் ஸ்விக்கி சில நிபந்தனைகளோடு தன் ஆட்களை அனுமதித்தது. நியாயம் யார் பக்கம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. உங்கள் பக்கத்துக் கவலை வேறு. அவருடைய வேலை ஒப்பந்தத்தில், வேலையில் இருக்கும் வரை அவர் எழுதுவதெல்லாம் கம்பெனிக்கே என்று ஒரு வரி இருந்தால், அல்லது ஆபீஸ் லேப்டாப்பிலேயே உங்கள் வேலையையும் செய்தால், நாளை உங்கள் கோடு யாருடையது என்று வழக்கு வரலாம். எழுத்தில் அனுமதி வாங்கி வரச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

காசு கொடுத்துவிட்டோம், ஆகவே கோடு நம்முடையது என்றும் இருந்துவிடாதீர்கள். 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் நிரலும் இலக்கியப் படைப்பு என்ற கணக்கில்தான் வருகிறது (இதைக் கேட்டால் என் தமிழாசிரியர் சிரித்திருப்பார்). உங்கள் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் உரிமை உங்களுக்கு. வெளியாள் எழுதினால் பொதுவாக உரிமை அவருக்கே, எழுத்தில் கையெழுத்துப் போட்டு மாற்றிக் கொடுக்கும் வரை. அந்தக் காகிதத்தில் எத்தனை வருடம் என்று போடாவிட்டால் ஐந்து வருடம்தான். எந்த நாடு என்று போடாவிட்டால் இந்தியா மட்டும்தான். ஒரு வக்கீலிடம் இரண்டு பக்கம் எழுதி வாங்குங்கள். டிடிஎஸ், ஜிஎஸ்டி உங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். "பங்கு தருகிறேன்" என்று மட்டும் அவசரப்பட்டு வாக்குக் கொடுக்காதீர்கள். ஈசாப் (ESOP) எனும் பங்குத் திட்டம் ஊழியர்களுக்கு என்று வைத்த ஏற்பாடு, ஆலோசகருக்கு அப்படியே பொருந்தாது.

இதைவிட அவசரமானது ஒன்று உண்டு. ஓடிபி யாருடைய போனுக்கு வருகிறது? டொமைன் (இணைய முகவரி) வாங்கிய கணக்கு, சர்வர் வாடகைக்குத் தரும் ஏடபிள்யூஎஸ்ஸின் ரூட் (தலைமை) கணக்கு, கோடு சேமிக்கும் கிட்ஹப், ஆப் வெளியிடும் பிளே கன்சோல், எல்லாம் கம்பெனி மின்னஞ்சலில், உங்கள் போன் எண்ணில் இருக்க வேண்டும். "நானே ஓபன் பண்ணிக்கிறேன், அப்புறம் மாத்திக்கலாம்" என்று யார் சொன்னாலும், அன்றைக்கே உட்கார்ந்து மாற்றுங்கள். விலகிப்போனவருக்குப் போன் போட்டு, முப்பது நொடிக்குள் ஆறு இலக்கம் கேட்டுக் கெஞ்சிய முதலாளிகளை எனக்குத் தெரியும்.

பகுதி நேர ஆட்களை மட்டும் வைத்து ஒப்பேறும் சந்தர்ப்பங்களும் உண்டு. சர்வரை இடம் மாற்ற, பாதுகாப்பைச் சோதிக்க, முதலீட்டாளருக்கு ஒரு மாதிரி காட்ட. தொடக்கமும் முடிவும் தெரிந்த வேலைகள் அவை. தொடங்கியவரே முழு நேரம் கோடு எழுதுபவர் என்றாலும் நடக்கும், மேஸ்திரி வீட்டிலேயே இருக்கிறார். நீங்களும் மாமா பையனும் எழுத மாட்டீர்கள். ஆகவே உங்களுக்கு அது இல்லை.

நண்பரிடம் முகத்தில் அடித்தாற்போல் மறுக்க வேண்டாம். அந்த ஐந்து பேரில் அனுமதியோடு, பகலில் வரக்கூடியவர் ஒருவர் இருந்தால் அவரோடு பேசுங்கள். ஒத்துவந்தால், கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நாள் திருப்பூருக்கு வரச் சொல்லி, டையிங் பட்டறையில் துணி உள்ளே வரும் தராசுக்குப் பக்கத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்க வையுங்கள். டி.சி. புத்தகத்தைக் கையில் கொடுங்கள். மத்தியானத்துக்குள் அவர் எத்தனை கேள்வி கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்