மண் ட்ராக்கில் ஓடும் கோர்ட்டினாவுக்கு எந்த ஃபேன்?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: 3 லிட்டர் எசெக்ஸ் வி6 எஞ்சின் போட்ட பழைய ஃபோர்டு கோர்ட்டினா காரை மண் ட்ராக்கில் ஓட்டுகிறேன், ரேடியேட்டருக்குக் காற்று இழுக்கும் பெல்ட் ஃபேனை (எஞ்சினே பெல்ட் மூலம் சுற்றுவது) கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டினால் பவர் கூடும் என்கிறார்கள், மாட்டலாமா?

வேண்டாம் தம்பி. பவர் கூடும் என்பது உண்மைதான். ஃபேனின் வேகம் இரண்டு மடங்கானால் அதைச் சுற்றத் தேவையான சக்தி ஏறக்குறைய எட்டு மடங்காகிவிடும், அதனால் எஞ்சின் சுற்று வேகம் (ஆர்பிஎம்) ஏற ஏற பெல்ட் ஃபேன் பவரை நிறையவே தின்கிறது. ஆனால் மண் ட்ராக்கில் வண்டி பாதி நேரம் பக்கவாட்டில்தான் போகிறது, ரேடியேட்டர் முகத்தில் சேறு வேறு அப்பிக்கொள்கிறது, தார் ரோட்டில் தானாக உள்ளே வரும் காற்றை இங்கே நம்ப முடியாது. எஞ்சின் அதிகம் சூடாகும் நேரத்தில் எஞ்சின் வேகத்தோடு சேர்ந்தே சுற்றி காற்றை இழுப்பது பெல்ட் ஃபேன்தான்.

எலெக்ட்ரிக் ஃபேன் 20, 30 ஆம்பியர் கேட்கும். எடையைக் குறைக்க, பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை எடுத்திருந்தால் ரேஸ் முடியும்போது வோல்ட்டேஜ் இறங்கி, ஃபேனும் மெதுவாகி, ஸ்பார்க்கும் பலவீனமாகிவிடும். எனக்கு ஒருமுறை குலுக்கலில் ஃபேனை ஓட்டும் ரிலே ஸ்விட்சின் வயர் கழன்று, எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போனது, இன்னும் மறக்கவில்லை.

முதலில் ஷ்ரவுடை, அதாவது ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேனைச் சுற்றி இருக்கும் கூட்டைப் பாருங்கள். பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஃபேனைக் குறை சொல்கிறார்கள். பிளேடு பாதி ஷ்ரவுடுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்துக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். வளையும் தகரப் பிளேடு வேண்டாம், அதிக ஆர்பிஎம்மில் விரிசல் விட்டு உடைந்தால் பானெட்டையே கிழிக்கும். எஞ்சின் மவுண்ட் தளர்ந்திருந்தால் ஒரு இடியிலேயே பிளேடு ரேடியேட்டருக்குள் போய்விடும், அதையும் பாருங்கள். முன்னால் ஒரு கம்பி வலை, ஒவ்வொரு ஹீட்டுக்கும் (ரேஸ் சுற்றுக்கும்) இடையில் தண்ணீர் அடித்துக் கழுவுவது, இதெல்லாம் கட்டாயம்.

ஜோஹன்னஸ்பர்க் பக்கம் ரேஸுக்குப் போகிறீர்களா? அங்கே சுமார் 1,700 மீட்டர் உயரம், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94, 95 டிகிரியிலேயே கொதிக்கும். உள்ளே பிரஷர் இருந்தால்தான் கொதிப்பு தள்ளிப்போகும், அதனால் பிரஷர் சரியாகப் பிடிக்கும் புது ரேடியேட்டர் கேப் போடாமல் கிளம்பாதீர்கள்.

எஞ்சின் குறுக்கே உட்கார்ந்த, முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்றால் சரி, எலெக்ட்ரிக்தான், வேறு வழியில்லை. தடித்த வயர், நல்ல ரிலே, கைக்கு எட்டும் ஸ்விட்ச், அப்புறம் ஆல்டர்னேட்டரை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.