செத்துப்போன ஊரா?

அன்புள்ள ஐயா,

என் அப்பா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பக்கம், தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் வளர்ந்தவர். தாத்தா சுரங்கத் தொழிலாளி. போன மாதம் பெங்களூரிலிருந்து காரில் போய்ப் பார்த்தேன். துருப்பிடித்த இரும்புக் கோபுரமும், சயனைடு போட்டுத் தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண்மேடும்தான் மிச்சம். அப்பா ஓயாமல் சொல்லும் ஊர் அங்கே இல்லை. அது செத்துப்போன ஊர். ஒருமுறை அவரை அழைத்துப் போகலாமா, அல்லது மனம் உடைந்துவிடுவாரா? சினிமாவில் காட்டியது எவ்வளவு உண்மை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சினிமா கிடக்கட்டும். என் அம்மா அதே தங்கவயலில், மாரிகுப்பத்தில் பிறந்தவர். கொஞ்ச நாளாகவே அந்த ஊர் எனக்குள் ஓடிக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன்.

செத்துப்போன ஊர் என்று யார் சொன்னது? 2001 பிப்ரவரி 28-இல் மூடியது சுரங்கத்தைத்தான். லைன் வீடுகளில் இன்னும் குடித்தனம் நடக்கிறது. விடிவதற்குள் ரயிலேறி, உங்கள் பெங்களூரில் உழைத்துவிட்டு, இரவில் வீடு திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவரிடமாவது நீங்கள் பேசியதாகக் கடிதத்தில் இல்லை. துருவைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போனீர்கள்?

அப்புறம், நீங்கள் தேடிய ஊரில் பாதி தரைக்குக் கீழே இருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி 1880 வாக்கில் தோண்ட ஆரம்பித்து, கடைசியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனார்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததே சுரங்கத்துக்காகத்தான். அவ்வளவு ஆழத்தில் குடைந்தால் பாறை சும்மா இருக்காது. மேலிருக்கும் பாரம் தாங்காமல் திடீரென்று வெடித்துச் சிதறும். ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். மேலே வீடு குலுங்கும், அலமாரியில் பாத்திரம் கிணுகிணுக்கும். அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள், சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாஃப்டின் வாசலுக்கு ஓடுவார்கள், யார் மேலே வருகிறார்கள் என்று பார்க்க. பாட்டியின் இடுப்பிலிருந்தபடி அதைப் பார்த்தவர் அம்மா. கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து எத்தனையோ வருஷம் கழித்தும், ராத்திரி லாரி போய் எவர்சில்வர் டம்ளர்கள் அதிர்ந்தால் எழுந்துவிடுவார். கதவைத் திறந்து தெருவைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வந்து படுப்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

உங்கள் அப்பா இதையெல்லாம் சொல்லியிருக்கமாட்டார். பந்து விளையாடியதை, கிறிஸ்துமஸை, மைதானத்தைச் சொல்லியிருப்பார். பிள்ளைகளிடம் நல்லதைச் சொல்வதுதான் அவர்கள் வழக்கம். நீங்கள் அதை மட்டும் வைத்துக்கொண்டு காரில் கிளம்பிவிட்டீர்கள். தாத்தா எந்த ஷாஃப்டில் இறங்கினார்? எந்த ஷிஃப்ட்? கடைசிக் காலத்தில் இருமினாரா? கல்தூசி நுரையீரலைத் தின்று போனவர்கள் அங்கே கொஞ்சநஞ்சமல்ல. அப்பா பக்கத்து அறையில்தானே இருக்கிறார், கேட்டால் என்ன? அவருக்கு வலிக்கும் என்று நீங்களே முடிவு செய்துகொண்டு வாயை மூடிக்கொள்வதைப் பாசம் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வலித்தால் அவரே நிறுத்திக்கொள்வார்; சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை அவர்.

சரி, அழைத்துப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதை அவரிடம் கேளுங்கள். வருகிறேன் என்றால் மாரிகுப்பம் ரயிலில் போங்கள், சாயங்கால வண்டியில், வேலை முடிந்து திரும்புகிறவர்களோடு. ஜன்னலோர இடம் அவருக்கு. போன் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.