மேல்மண்ணை மாற்றினால் போதுமா?

பழைய ஆலை நிலங்களைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களையும் எடுத்துவிட்டேன், பாதிப் பேர் இன்னும் பேரத்தில் இருக்கிறார்கள்.

அம்மா, மூடிக்கிடக்கும் ஒரு முலாம் பூசும் பட்டறையின் இடத்தை வாங்கி அடுக்குமாடி கட்ட நானும் தம்பியும் யோசிக்கிறோம். மேல்மண் மூன்றடி எடுத்துப் புதுமண் நிரப்பியாயிற்று, ஆய்வக அறிக்கையும் சுத்தம் என்கிறது என்று விற்பவர் சொல்கிறார். முன்பணம் கொடுத்துவிடலாமா?

கொடுக்காதீர்கள். அறிக்கையின் நகலை அனுப்பியது நல்லதாயிற்று. அதில் இருப்பது ஒரே ஒரு மாதிரி, அதுவும் பத்து இடங்களில் அள்ளிக் கலந்தது. ஓரிடத்தில் விஷம் குவிந்திருந்தாலும் மற்ற ஒன்பது இடத்து மண் அதை நீர்த்துப்போகச் செய்துவிடும். எடுத்த ஆழம் அரையடி. அதாவது, லாரியில் வந்து இறங்கிய புதுமண்ணைச் சோதித்திருக்கிறார்கள். அது சுத்தமாகத்தான் இருக்கும்!

சோதனை செய்ததும் குரோமியம், நிக்கல் இரண்டை மட்டும். முலாம் பூசுமுன் உலோகத்தில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க வேண்டும். அதற்குப் பல பட்டறைகள் நெடுங்காலம் பயன்படுத்தியது டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பான். புற்றுநோய் தரக்கூடியது, தண்ணீரைவிடக் கனமானது. பெட்ரோல் கசிந்தால் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். இது நீரையும் தாண்டி இறங்கி, களிமண்ணோ பாறையோ தடுக்கும் இடத்தில் தங்கிவிடும். அங்கிருந்து பல பத்தாண்டுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். மூன்றடி தோண்டியவர் கண்ணில் அது பட்டிருக்க வாய்ப்பே இல்லை.

முதல் செலவு ஆழத்து மண்ணை எடுக்கத் துளை போடுவதில் அல்ல, விசாரிப்பதில். பட்டறையின் பழைய வரைபடத்தைக் கேளுங்கள். அங்கே வேலை பார்த்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். பிசுக்கு நீக்கும் தொட்டி எங்கே இருந்தது, தீர்ந்துபோன திரவத்தை எங்கே ஊற்றினார்கள் என்று கேளுங்கள். 'பின்கதவுப் பக்கம்' என்று பதில் வந்தால் முதல் துளை அங்கேதான். நிற்கிற சுவர்களின் அடிப்பகுதியையும் மழை ஓய்ந்து நன்றாகக் காய்ந்த பிறகு பாருங்கள். மஞ்சளாக உப்புப் பூத்திருந்தால் அறுமதிப்புக் குரோமியம், அதாவது நீரில் எளிதில் கரையும் நச்சு வடிவக் குரோமியம், ஈரத்தோடு சுவரில் ஏறிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். அதைக் கையால் தொட வேண்டாம்.

துளை போடும் நாளில் நீங்களும் போய் நில்லுங்கள். குழாயோடு வெளியே வரும் மண்ணை நீளவாக்கில் பிளந்து பலகையில் வைப்பார்கள். மணல், வண்டல், களிமண் என்று அடுக்குகள் வரிசையாகத் தெரியும். ஆவி அளக்கும் கருவியை அடிக்கு அடி காட்டிக்கொண்டே போவார்கள். மணலில் சும்மா கிடந்த முள், களிமண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே திடீரென்று துள்ளும். அந்த இடத்து மண் அடுத்த நிமிடமே மூடியுள்ள சிறு குப்பிக்குள் போயாக வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டு மதியம்வரை வெயிலில் வைத்தால் கரைப்பான் காற்றோடு போய்விடும், அறிக்கை 'இல்லை' என்றுதான் வரும். பல 'சுத்தமான' நிலங்கள் இப்படித்தான் சுத்தமாயின.

நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிய குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும், முக்கோணமாக. ஒரே வரிசையில் மூன்று போட்டுவிட்டு வந்து நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன்.

தோண்டி அகற்ற ஏன் இவ்வளவு செலவு? மேலே கான்கிரீட் போட்டு மூடிவிட்டால் ஆயிற்றே?

சில இடங்களில் அதுவே சரியான தீர்வு. காரீயம் கலந்த மண் என்றால் பயம் தூசியிலும் குழந்தைகளின் கையிலும்தான். நல்ல மூடி இரண்டையும் தடுக்கும். கரைப்பான் அப்படி இல்லை. அதன் ஆவி தரையின் விரிசல் வழியாக, குழாய் நுழையும் துளை வழியாக வீட்டுக்குள் ஏறும். திறந்த வாகன நிறுத்துமிடம் என்றால் காற்று கொண்டுபோய்விடும், மூடிய படுக்கையறையில் அது சேர்ந்துகொண்டே இருக்கும். வீடுதான் கட்ட வேண்டும் என்றால் தளத்துக்கு அடியில் ஆவி புகாத விரிப்பும், துளையிட்ட குழாய்களும், ஆவியை உறிஞ்சிக் கூரைக்கு மேலே விடும் விசிறியும் வேண்டும். அந்த விசிறி எப்போதும் ஓட வேண்டும், அதன் மின் கட்டணத்தை யாராவது கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூடியின் தொல்லையே அதுதான். போட்டவர் போய்விடுவார், அடுத்து வருபவர் கடப்பாரையோடு வருவார். அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கெனால் என்றொரு பழைய கால்வாய்ப் பள்ளம். 1942 முதல் 1953 வரை ஒரு ரசாயன நிறுவனம் அதில் ஏறக்குறைய 21,000 டன் கழிவைக் கொட்டி, களிமண்ணால் மூடி, ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்துக்கு எழுதிக்கொடுத்தது. ரசாயனம் புதைந்திருக்கிறது என்று பத்திரத்திலேயே இருந்தது. அப்படியும் பள்ளி வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன, கட்டுமானத்துக்காகத் தோண்டியதில் களிமண் மூடி உடைந்தது. 1978இல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். நச்சு நிலங்களைச் சுத்தம் செய்வதற்கான சூப்பர்ஃபண்ட் சட்டம் 1980இல் அங்கே பிறக்க அது ஒரு பெரிய காரணம்.

ஆகவே மூடி போடுவதென்றால், எதை, எத்தனை அடியில், யார் பொறுப்பில் என்பதைப் பத்திரத்தில் எழுதுங்கள். கட்டட வரைபடத்திலும் எழுதுங்கள். பத்திரத்தைப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். குழாய் வேலைக்கு வருபவர் வரைபடத்தைத்தான் பார்ப்பார்.

ஒரு ஒப்பந்ததாரர் மண்ணை அள்ள வேண்டும் என்கிறார். இன்னொருவர் மருந்தை உள்ளே செலுத்தினால் போதும் என்கிறார். யாரை நம்புவது?

உள்ளே இருப்பது என்ன என்று கேட்காமலே விலை சொன்னவரை விட்டுவிடுங்கள். உலோகத்தை அழிக்க முடியாது. இடம் மாற்றலாம், இல்லையென்றால் கட்டிப்போடலாம். அறுமதிப்புக் குரோமியத்துக்கு இரும்பு சல்பேட் கொடுத்தால் அது மும்மதிப்பாக மாறி, நீரில் அதிகம் கரையாமல் மண்ணோடு நிற்கும். கரைப்பானை நுண்ணுயிர்களே உடைக்கும், இரை போட்டு வளர்த்தால். ஆனால் வேலை பாதியில் நின்றால் வினைல் குளோரைடு என்ற நச்சு இடைப்பொருள் மிஞ்சும். அது தொடங்கிய இடத்தைவிட மோசம். எனவே 'டிரைகுளோரோஎத்திலீன் குறைந்துவிட்டது' என்று அறிக்கை வந்தால் மகிழாமல், வினைல் குளோரைடு எவ்வளவு என்று கேளுங்கள்.

அள்ளுகிறவரிடம் மண் எங்கே போகிறது என்று கேளுங்கள். பதிலுக்குப் பதிலாகச் சிரிப்பு வந்தால் அது யாரோ ஒருவரின் கிணற்றடிக்குப் போகிறது. மண்ணை அங்கேயே கழுவவும் செய்யலாம். லண்டன் ஒலிம்பிக் பூங்காவுக்காக அப்படிக் கழுவிய மண்ணில் பெரும்பகுதியை அந்த இடத்திலேயே திரும்பப் போட்டார்கள். அழுக்கு பெரும்பாலும் நுண்ணிய துகள்களில் ஒட்டியிருப்பதால், மணலும் கல்லும் நிறைந்த மண்ணுக்கு இது நன்றாக உதவும். களிமண் பூமியில் காசுக்குக் கேடு.

சூரியகாந்தி நட்டால் மண் சுத்தமாகிவிடும் என்கிறார்களே?

பூ அழகாக இருக்கும். செடியின் வேர் எட்டும் ஆழம்வரைதான் அதன் ராஜ்ஜியம், பல அறுவடைகளும் ஆகும். ஆர்செனிக்கை இலையில் சேர்க்கும் ஒரு வகைப் பெரணி உண்மையிலேயே இருக்கிறது, 2001இல் கண்டறிந்தார்கள். ஆனால் அறுத்த இலை நச்சுக் கழிவு. மாடு மேய்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்பா வேலை செய்த உலை அது. எல்லாவற்றையும் இடித்துத்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. ஜெர்மனியின் டியூஸ்பர்க்கில் 1985இல் மூடிய இரும்பு ஆலையை பீட்டர் லாட்ஸ் வடிவமைத்துப் பூங்காவாக்கினார். உலைகளை இடிக்கவில்லை. பழைய எரிவாயுத் தொட்டியில் நீர் நிரப்பி முக்குளிக்கிறார்கள். நச்சு மிகுந்த மண்ணை ஆலையின் பழைய சேமிப்பு அறைகளுக்குள்ளேயே அடைத்துவிட்டார்கள். உங்கள் இடத்தில் முதலில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறதா என்று பாருங்கள், குழாய்ச் சுற்றுகளிலும் கூரைத் தகடுகளிலும். அந்தச் சோதனை முடியும்வரை பழைய நினைவுக்காகக்கூட யாரும் உள்ளே போக வேண்டாம்.

எல்லாம் சுத்தம் செய்து சான்றிதழும் வாங்கிவிட்டோம். தோட்டத்துக்கு ஒரு ஆழ்துளைக் கிணறு போடலாமா?

வேண்டாம். மோட்டார் இழுக்கிற இழுப்பில், பக்கத்து நிலத்தில் தங்கியிருப்பதும் உங்கள் பக்கம் திரும்பும். மழைநீரைத் தொட்டியில் பிடித்துப் பாய்ச்சுங்கள். தொட்டியை மண்ணுக்கு மேலே வையுங்கள்.